நான்காவது இருக்கை

ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான்? அறநெறி நூல்களில் இவ்வினா பெரும்பாலும் நிலத்தையும் வீட்டையும் செல்வத்தையும் குறித்தே எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஆனால் பெருநகரங்களில் உழைத்து வாழும் மக்கள் இதே வினாவை நாள்தோறும் இருமுறை, காலையிலும் மாலையிலும், ஒன்றரை அடி அகலமுள்ள ஓர் இருக்கையின் முன்னே சந்திக்கின்றனர். புறநகர் மின்வண்டியில் யார் உட்காருவது, யார் நிற்பது, யார் வாசலில் தொங்குவது என்பது ஒரு மறையியல் கட்டுரைக்குரிய பொருளா என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு கேட்பவர்கள் அவ்வண்டியில் போய்வர வேண்டிய தேவை இல்லாதவர்களாக இருக்கக்கூடும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு மும்பையைக் காட்டிலும் பொருத்தமான நகர் நம் நாட்டில் இல்லை. நம் மக்களுக்கு அது அந்நியமான ஊரும் அன்று. தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்று தாராவியிலும் மாதுங்காவிலும் பிற பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் பலர். அவர்களுள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. விடுமுறைக்கு ஊர் வரும் அவர்கள் முதலில் பேசுவது 'லோக்கல்' எனப்படும் அந்த மின்வண்டியைப் பற்றித்தான்.

நம் நாட்டின் முதல் பயணிகள் இரயில் 1853 ஏப்ரல் 16 அன்று அந்நகரின் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு ஓடிற்று. முதல் மின்வண்டியும் 1925 பிப்ரவரி 3 அன்று அங்கேதான், விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. கடலுக்கும் கழிக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் நகர் அது. வேலை வெகுகாலம் தென்முனையிலேயே குவிந்திருந்தது. வாடகையோ ஏழையையும் நடுத்தர மக்களையும் வடக்கே வடக்கே தள்ளிக்கொண்டே சென்றது. சர்ச்கேட்டிலிருந்து விரார் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அத்தொலைவை நாள்தோறும் சென்று திரும்புவோர் எண்ணற்றோர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகள், அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள்: இதுவே அந்நகரின் ஒரு நாள் கணக்கு.

அந்நெரிசலை அளப்பதற்குப் பொறியாளர்கள் ஒரு புதிய சொற்றொடரையே உருவாக்க வேண்டியதாயிற்று. முன்னர் ஓடிய ஒன்பது பெட்டி வண்டி, நிற்பவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,700 பேருக்கென வகுக்கப்பட்டது. நெரிசல் வேளையில் அதில் 4,500 பேருக்கும் மேல் சென்றனர். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நின்றனர். ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டுச் சிறிய உணவு மேசையின் பரப்பு. இந்நிலையை அத்துறையினர் 'மிகை அடர்ந்த நசுங்கு சுமை' என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். சுமை என்பது மூட்டைகளுக்குரிய சொல். மனிதரை எண்ணுவதற்கு அச்சொல் வந்து சேர்ந்தது ஏதோ தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. இப்போது 12 பெட்டிகளும் 15 பெட்டிகளும் கொண்ட வண்டிகள் ஓடுகின்றன. ஆயினும் காலை எட்டு மணிக்கு நடைமேடையில் நிற்பவருக்கு அம்மாற்றம் பெரிதாய்த் தெரிவதில்லை.

சுவரில் எழுதிய எண்

1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தில் 57ஆம் பிரிவு என்று ஒன்று உள்ளது. ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் அதிக அளவாக எத்தனை பயணிகளை ஏற்றலாம் என்பதை நிர்வாகம் வரையறுக்க வேண்டும் என்றும், அவ்வெண்ணைப் பெட்டியின் உள்ளோ வெளியிலோ அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இத்தகைய எண்ணை நாம் எத்தனையோ வண்டிகளின் சுவரில் பார்த்திருக்கிறோம். அதை ஒரு தகவலாகவே எண்ணிக் கடந்தும் இருக்கிறோம்.

உண்மையில் அது ஒரு வாக்குறுதி. "உன்னிடம் கட்டணம் பெற்றுக்கொண்டோம், இத்தனை பேருக்குமேல் உன்னோடு ஏற்றி உன்னை நசுக்கமாட்டோம்" என்று பொது அதிகாரம் குடிமகனுக்குத் தரும் வாக்கு அதில் அடங்கியுள்ளது. கட்டணம் பெற்றவர் வாக்கைக் காக்கவேண்டும் என்பது பரிமாற்ற நீதியின் அரிச்சுவடி. கடைக்காரர் ஒரு படி அரிசிக்குக் காசு வாங்கிக்கொண்டு அரைப்படி அளந்தால் அது திருட்டு என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். சீசன் டிக்கெட் வாங்கியவர் வாசற்கம்பியைப் பற்றிக்கொண்டு காற்றில் தொங்கும்போது அளவையில் குறை வைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கூட்டம் என்பது மழையைப்போல, வெயிலைப்போல இயற்கையாய் வந்தது என்று பழகிப்போய்விட்டோம்.

முதலில் வந்தவரின் உரிமை

அதிகாரத்தின் கடமை ஒருபுறம் இருக்கட்டும். கிடைத்திருக்கும் சில இருக்கைகளைப் பயணிகள் தமக்குள் எப்படிப் பகிர்ந்துகொள்வது? "முதலில் வந்தவர் உட்காரட்டும்" என்பதே எங்கும் வழங்கும் விதி. இவ்விதி நீதியானதுதானா?

வியப்பூட்டும் வகையில், இக்கேள்வி இருக்கைகளை முன்வைத்தே பண்டைக்காலத்தில் ஆராயப்பட்டுள்ளது. உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய நூலொன்றில், நாடக அரங்கு அனைவருக்கும் பொதுவாயினும் அதில் ஒருவர் அமர்ந்துள்ள இடம் அவருடையதே என்று வாதிடப்படுகிறது. பொதுப்பொருளிலும் தனியுரிமை உண்டு என்பதற்கு அரங்க இருக்கை அங்கே எடுத்துக்காட்டாகிறது. நான்காம் நூற்றாண்டில் செசாரியா நகரின் ஆயராயிருந்த புனித பசிலியார் அதே அரங்கை எடுத்துக்கொண்டு அதே வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றிய உவமைக்கு விளக்கம் தருகையில், அரங்கிற்கு முதலில் வந்து அமர்ந்து, பின்னே வருவோரைத் தடுத்து, எல்லாருக்கும் பொதுவானதைத் தனக்கு மட்டுமே சொந்தமாக்கிக்கொள்பவனுக்குச் செல்வனை அவர் ஒப்பிட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகையில் பசிலியாரின் இவ்வுவமையை எடுத்து ஆராய்கிறார். அவர் தரும் விடை நுட்பமானது. முன்னே வந்தவன் பிறருக்கும் வழி ஏற்படுத்திக் கொடுப்பானாயின் அவன் செய்வதில் தவறில்லை. பிறரைத் தடுப்பானாயின் தவறு செய்கிறான். முதலில் வந்தது குற்றமன்று. முதலில் வந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதே அறத்தின் கேள்வி. உலகப் பொருள்களைத் தேடிக் காப்பதில் தனியுரிமை முறையானது. ஆனால் அவற்றைத் துய்க்கும்போது, தேவையில் இருப்போருடன் பகிர ஆயத்தமாய், அவற்றைப் பொதுவென்றே கருதவேண்டும் என்பது அவர் போதனை. மண்ணுலகின் பொருள்கள் மானிடர் அனைவருக்குமென்று குறிக்கப்பட்டவை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியதும் இம்மரபின் தொடர்ச்சியே.

இந்த அளவுகோலை இரயில் பெட்டிக்குள் கொண்டு செல்வோம். 'முதலில் வருதல்' அங்கே உண்மையில் எதைக் குறிக்கிறது? வண்டி நடைமேடைக்குள் நுழைந்து இன்னும் நிற்காத நிலையிலேயே தாவி ஏறுபவரே அங்கு முதலில் வருபவர். அதற்கு இளமை வேண்டும். கால் வலிமை வேண்டும். ஆபத்துக்கு அஞ்சாத நெஞ்சு வேண்டும். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கும், முழங்கால் வலியுள்ள முதியவருக்கும், கருவுற்ற தாய்க்கும் அந்தப் போட்டியில் இடமில்லை. சிலர் எதிர்த்திசையில் இரண்டு நிலையங்கள் பின்னோக்கிச் சென்று, வண்டி புறப்படும் இடத்திலேயே இருக்கை பிடித்துத் திரும்புகின்றனர். சிலர் நண்பர்களுக்காகக் கைக்குட்டையையும் பையையும் போட்டு இடம் காக்கின்றனர். இவர்களைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். இரண்டு மணி நேரம் நின்று போகும் உடலின் வேதனையே இவற்றைக் கற்றுக்கொடுத்தது. ஆயினும் "வரிசைப்படி எனக்குக் கிடைத்தது" என்று சொல்லும் உரிமையில் வலிமையின் பங்கு எவ்வளவு என்பதை உட்கார்ந்திருப்பவர் எண்ணிப்பார்த்தல் நலம்.

நான்காவது இருக்கை

இத்தகைய நெருக்கடியினுள்ளும் அந்நகர மக்கள், எவரும் சட்டம் இயற்றாமலே, ஓர் ஒழுங்கை உருவாக்கியுள்ளனர். மூவர் அமர்வதற்கென்று செய்யப்பட்ட பலகையில் நால்வர் அமர்வர். அமர்ந்துள்ள மூவரும் சன்னல் பக்கமாகச் சற்றே நெருங்க, நான்காமவர் பலகையின் ஓரத்தில் பாதி உடலைத் தாங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். 'ஃபோர்த் சீட்' என்று அதற்குப் பெயர். எந்த வரைபடத்திலும் அவ்விருக்கை இல்லை. சுவரில் எழுதிய எண்ணிலும் அது சேரவில்லை. ஆனால் அதைக் கேட்பதற்கு ஒரு சொல்லோ கையசைவோ போதும். பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிற்பவர் அமர்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டுவைப்பார். அவர் இறங்கும்போது அவ்விடம் கேட்டவருக்கே உரியது என்பதைச் சுற்றியிருப்போர் ஏற்றுக்கொள்வர். எழுதப்படாத இந்த உடன்பாட்டைக் காவலர் எவரும் காப்பதில்லை. காலையில் கண்டு மாலையில் மறக்கும் முகங்களே ஒன்றையொன்று நம்பி அதைக் காக்கின்றன.

அந்த நான்காமவரைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அவர் மொழி வேறாயிருக்கலாம், சமயம் வேறாயிருக்கலாம். அவர் என்ன சாதி என்று கேட்க அங்கு நேரமில்லை. கேட்டறிந்து விலகி அமர இடமும் இல்லை. ஊரில் ஒரே திண்ணையில் அமர மறுக்கப்பட்டவரின் பேரன் அங்கே எவர் தோளோடும் தோள் உரச அமர்ந்து செல்கிறான். விருந்தில் முதலிடங்களைத் தேடியவர்களைக் கண்டு ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். கடைசி இடத்தில் போய் அமரும்படி அங்கே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. பலகையில் நெருங்கி அமர்ந்து இன்னொருவருக்குக் கடைசி இடம் உண்டாக்கும் மனிதர் அவ்வுவமையைப் படித்திராதவராகவும் இருக்கலாம்.

வாசலில் நிற்பவர்

ஆனால் அதே பெட்டிக்கு வேறொரு முகமும் உண்டு. தொலைதூர வண்டிகளில் இடைநிலையத்தில் ஏற முயல்வோரை வாசலிலேயே மறித்துத் தள்ளும் குழுக்கள் உண்டு. "இது விரார் வண்டி, போரிவலியில் இறங்குபவனுக்கு இதில் என்ன வேலை?" என்ற எண்ணத்தால், இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்கவிடாமல் தடுப்பவரும் உண்டு. உரியவாறு ஏற வருபவரை மற்றொரு பயணி தடுப்பது சட்டப்படி தண்டனைக்குரியது. அறத்தின்படியோ, பசிலியார் கண்டித்த அரங்கத்து மனிதன் மீண்டும் நம் முன் நிற்கிறான்.

தள்ளுவது ஒரு தீமையென்றால், நகராமல் நிற்பது கண்ணுக்குப் புலப்படாத தீமை. உள்ளே இருக்கைகளுக்கு இடையே இன்னும் ஓரடி இடம் இருக்கும். அதில் நிற்பவர் நகர்ந்தால் வாசலில் நிற்பவர் ஓரடி உள்ளே வரலாம். நகராமைக்கு அவரிடம் காரணமும் இருக்கும்: இறங்கும்போது வழி கிடைக்காதே என்ற அச்சம். அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் அதற்குரிய விலையைக் கொடுப்பவர் அவர் அல்லர். திறந்த வாசலில் விரல் நுனிகளால் தொங்குபவரே கொடுக்கிறார். 2023ஆம் ஆண்டில் மட்டும் மும்பைப் புறநகர்த் தடங்களில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தைக் கடக்கும்போது இறந்தோரும் இக்கணக்கில் அடங்குவர். ஓடும் வண்டியிலிருந்து விழுந்து இறந்தோரும் அதில் பலர். 2025 ஜூன் 9 அன்று காலை மும்பிரா நிலையத்தருகே, எதிரெதிராகக் கடந்த இரு வண்டிகளின் வாசல்களில் தொங்கிச் சென்றவர்கள் ஒருவரோடொருவர் உரசிக் கீழே விழுந்தனர். அவர்களுள் நால்வர் அன்றே மாண்டனர்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு நெரிசலைக் காண்கிறோம். மக்கள் கூட்டம் நாற்புறமும் ஆண்டவரை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாய்த் துன்புற்ற ஒரு பெண் அக்கூட்டத்தில் புகுந்து அவரது ஆடையைத் தொடுகிறாள். தம்மைத் தொட்டது யார் என்று அவர் கேட்கும்போது சீடர் திகைக்கின்றனர்; இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்பது அவர்கள் எண்ணம். சீடருக்கு அது கூட்டம். ஆண்டவருக்கோ அதனுள் ஒரு தனி மனித உயிர் தெரிந்தது. நின்று, திரும்பி, அவளைத் தேடிக் கண்டு, 'மகளே' என்று அழைத்தார். எந்த நெரிசலிலும் நமக்கு வைக்கப்படும் சோதனை இதுவே என்று கருதுகிறோம். நம் முதுகை அழுத்துவது கூட்டமா, ஒரு மனிதரா?

கொடையும் கடனும்

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஏழையின் பொறுமையைப் புகழ்வது நம் மறையுரைகளுக்கு எளிதாய் வரும் பழக்கம். அப்புகழ்ச்சி சில வேளைகளில் அநீதிக்குப் போர்வையாகிவிடும். 2006 ஜூலை 11 அன்று மாலை அந்நகரின் மின்வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்து 180 பேருக்கு மேல் மாண்டனர். தண்டவாள ஓரக் குடிசைகளில் வாழ்ந்த மக்கள் போர்வைகளையே தூளியாக்கிக் காயமுற்றோரைச் சுமந்தனர். அது புகழத்தக்க பிறரன்பு. மறுநாள் காலை வண்டிகள் மீண்டும் நிறைந்து ஓடியபோது 'மும்பையின் மனவுறுதி' என்று நாடே போற்றியது. அம்மக்களுள் எத்தனை பேர் மனவுறுதியால் சென்றனர், எத்தனை பேர் அன்றைய கூலி போய்விடுமே என்று சென்றனர் என்பதைப் போற்றியவர்கள் கேட்கவில்லை.

2017 செப்டம்பர் 29 அன்று, அப்போது எல்பின்ஸ்டன் ரோடு எனப்பட்ட நிலையத்தின் நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்தனர். ஒருகாலத்தில் அது பஞ்சாலைகளின் பகுதி. 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட, அந்நிலத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. கோபுரங்களுக்கு இடம் கண்ட நகரம், அவற்றுக்குள் வேலைக்கு வருவோர் நடக்கும் பாலத்தை அகலப்படுத்த மறந்தது. 2024இல் மும்பை உயர்நீதிமன்றம், பயணிகள் கால்நடைகளைப்போல் செல்ல நேர்வது வெட்கத்துக்குரியது என்ற கருத்தை வெளிப்படையாகத் தெரிவித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 153ஆம் பத்தியில், பொதுப் போக்குவரத்தின் நெரிசலும் பாதுகாப்பின்மையும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்று சுட்டியுள்ளதை இங்கு நினைவுகூரலாம்.

எனவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சுவரில் எழுதிய எண் ஆட்சியாளர் பட்ட கடன். நான்காவது இருக்கை பயணி தரும் கொடை. "மக்கள் எப்படியோ நெருங்கி அமர்ந்து சமாளித்துக்கொள்கிறார்களே" என்று அதிகாரம் சொல்லுமாயின், ஏழை தரும் கொடையை எடுத்துத் தன் கடனைக் கழிக்கப் பார்க்கிறது. அதேபோல், "அரசு போதிய வண்டி விடவில்லை, நான் ஏன் நகரவேண்டும்?" என்று அமர்ந்திருப்பவர் சொல்வாராயின், பிறர் பட்ட கடனைக் காட்டித் தன் பிறரன்பை மறுக்கிறார். இரு சாக்குகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முதலாவது, அன்பின் பெயரால் நீதியைத் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது, நீதியின் பெயரால் அன்பைத் தள்ளிப்போடுகிறது. இடையில் விழுந்து மடிபவர் வாசலில் நின்றவர்.

கடன் தீர்க்கும் முயற்சிகள் சில நடந்துள்ளன என்பதையும் நேர்மையாய்ச் சொல்லவேண்டும். 1992இல் பெண்களுக்கென்றே தனி வண்டி விடப்பட்டது. 2017ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று, கதவுகள் தாமே மூடிக்கொள்ளும் முதல் குளிர்சாதன மின்வண்டி ஓடத் தொடங்கியது. மும்பிரா விபத்துக்குப் பின் இனிவரும் வண்டிகளிலெல்லாம் தானியங்கிக் கதவுகள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் கதவு மூடும் வண்டியில் வாசலில் தொங்க முடியாது. அப்படித் தொங்கிச் சென்றவர் எந்த வண்டியில் ஏறுவார் என்பதற்கும் விடை வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கை கூடாமல் கதவை மட்டும் மூடினால், உள்ளே இருப்பவரின் உயிர் காக்கப்படும். வெளியே நிற்பவரின் பிழைப்பு பறிபோகும். குளிர்சாதன வண்டியின் கட்டணம் கூலித் தொழிலாளிக்கு எட்டுமா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே.

நம் கடமை

சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் செல்வோருக்கும், நம் ஊர் நகரப் பேருந்தில் செல்வோருக்கும் இவை பொருந்தாமற் போகா. பெருவிழாத் திருப்பலியில் பலகையின் ஓரத்திலேயே அமர்ந்துகொண்டு, உள்ளே நான்கு பேருக்கு இடமிருக்க, வருபவர் தம் முழங்காலைத் தாண்டிச் செல்லட்டும் என்று இருப்போரை எந்தப் பங்கிலும் காணலாம். தேர்தல் வேளையில் வேட்பாளரிடம் கோவில் திருவிழாவுக்கு விளக்கும் பந்தலும் கேட்கும் நாம், காலை எட்டு மணிக்கு இன்னொரு வண்டி அல்லது பேருந்து வேண்டும் என்று கேட்டதுண்டா? நம் அன்பியங்களும் பங்குப் பேரவைகளும் இதைப் பேசுபொருளாக்கினால் அது அரசியல் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஏழைக்கு உரியதைக் கேட்பது நீதியின் பணி.

அக்கோரிக்கை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆகலாம். நாளைக் காலை வண்டி வரும்போதோ பலகை அதே பலகையாகத்தான் இருக்கும். அமர்ந்திருக்கும் மூவரில் ஒருவராக நாம் இருப்போமானால், எதிரே நிற்பவர் வாய்திறந்து கேட்கும் வரை காத்திராமல் சற்றே நகர்ந்து அமர்வோம். நிற்பவராக இருப்போமானால், வாசலில் நிற்பவருக்காக ஓரடி உள்ளே செல்வோம்.